கோப்பில் இல்லாத பதிவுகள்

கோப்பில் இருந்தவை 4,112 பதிவுகள். ஏற்றி முடித்ததும் கணினி 4,113 என்று காட்டியது.

ஷர்மினி நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு மறுபடி எண்ணச் சொன்னாள். 4,113தான். பாலிக் புலாவில் உள்ள ஒரு முதியோர் இல்லத்துக்கு அவளுடைய கம்பெனி செய்து கொடுத்த அழைப்பு மணி மென்பொருள் அது. கட்டிலில் கிடப்பவர் பொத்தானை அழுத்தினால் அறை எண், நேரம், வந்து பார்த்தவர் பெயர் எல்லாம் ஓர் அட்டவணையில் பதிவாகும். திங்கட்கிழமைக்குள் புதிய பதிப்பைச் சோதித்தாக வேண்டும். அதற்காகத் தரவுத்தளத்திலிருந்து அந்த ஓர் அட்டவணையை மட்டும் கோப்பாக எடுத்து வைத்திருந்தார்கள். ஒவ்வொரு சோதனைக்குப் பிறகும் அவள் அட்டவணையைத் துடைத்துவிட்டு அந்தக் கோப்பையே மறுபடி ஏற்றுவாள். காலையிலிருந்து மூன்று தடவை ஏற்றியாயிற்று. மூன்று தடவையும் கணக்கு சரியாக இருந்தது.

சனிக்கிழமை மதியம். பீச் ஸ்ட்ரீட்டில் கம்பெனி இருந்த பழைய கடைவீட்டு மாடியில் அவளைத் தவிர யாருமில்லை. வெளியே மழை தகரக் கூரையில் கொட்டி, சாக்கடையில் சரிந்து, எங்கோ ஒரு குழாயில் மூச்சுத் திணறுவதுபோல் இறங்கிக்கொண்டிருந்தது. ஈரமான பழைய மர வாசனையோடு டெட்டால் வாடையும் லேசாக வந்தது. கீழே யாரோ தரை துடைக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

கூடுதலாக வந்த பதிவைத் தேடி எடுத்தாள்.

அறை 7. மார்ச் 14. பிற்பகல் 2:10. வந்து பார்த்தவர் பெயர் இருக்க வேண்டிய இடம் காலி.

அவளுடைய அப்பா பக்கிரிசாமி இறந்தது மார்ச் 14 அன்று, அதே இல்லத்தில், ஏழாம் அறையில். “மத்தியானம் சாப்பிட்டு படுத்தாரும்மா, அப்படியே தூக்கத்துல போய்ட்டாரு. குடுத்து வச்ச சாவு” என்று சொல்லிவிட்டு அங்கிருந்த மேற்பார்வையாளர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அவளும் நன்றி சொல்லிவிட்டு வந்தாள்.

நன்றி! நினைத்ததும் காது மடல் சுட்டது.

கோப்பைத் திறந்து பார்த்தாள். ஏழாம் அறையில் அந்தத் தேதிக்கு ஒரு பதிவுகூட இல்லை. மேலாளர் அர்ஜுனனை அழைத்தாள்.

“அண்ணே, ரூம் ஏழு ரெக்கார்ட யாரு தூக்கினது?”

அர்ஜுனன் குரலைத் தாழ்த்தினார்.

“ஹோம்காரங்க கேட்டாங்கம்மா. நாளைக்கு யாராச்சும் கேஸ் போட்டா ப்ரோப்ளம்லா.”

“எத்தன?”

“முப்பத்தொம்பது.”

“எங்கப்பா முப்பத்தொம்பது தடவ மணி அடிச்சிருக்காரு, நீங்க அழிச்சிட்டு எங்கிட்டயே டெஸ்ட் பண்ணக் குடுக்குறீங்க. மனுசந்தானாண்ணே நீங்க?”

“ஷர்மினி, சொல்றத கேளு. அந்த டேபிள விட்டுரு. முழுசா பாக்காத. உனக்காகத்தான் சொல்றேன்.”

“எனக்காக ஒண்ணும் புடுங்க வேணாம்” என்று போனை மேசையில் எறிந்தாள்.

துடைத்தாள். ஏற்றினாள். 4,114. மறுபடி. 4,115. எங்கிருந்து வருகிறது என்று யோசிக்கவில்லை. வரட்டும், எல்லாம் வரட்டும், திங்கட்கிழமை அந்த இல்லத்து வாசலில் போய் நின்று ஒவ்வொருவன் முகத்திலும் விட்டெறிய வேண்டும் என்ற ஒரே வெறியில் விசைகளைக் குத்தினாள். 2:11. 2:13. 2:14. ஒவ்வொன்றிலும் எத்தனை விநாடி அழுத்தினார் என்றிருந்தது. நீளமாக ஒன்று, அடுத்து குட்டையாக இரண்டு. முப்பது வருஷம் மலைப்பாதையில் பஸ் ஓட்டியவர் வளைவுகளில் ஹாரன் அடிப்பது அப்படித்தான். பக்கவாதத்தில் பேச்சும் இடப்பக்கமும் போன பிறகு அவருக்கு மிச்சமிருந்தது அந்தப் பொத்தான் ஒன்றுதான்.

“ஒருத்தன் வரல” என்று பல்லைக் கடித்தாள். “ஒரு நாய் வரல.”

4,118இல் வேறு மாதிரி ஒரு வரி சேர்ந்திருந்தது. ஐந்து நிமிடம் யாரும் வராவிட்டால் மென்பொருள் தானாகவே உறவினரின் கைப்பேசிக்கு அழைக்கும். அந்தப் பகுதியைச் சோதித்து ஒப்புதல் கொடுத்ததே அவள்தான்.

2:15. உறவினருக்கு அழைப்பு. அவளுடைய எண். துண்டிக்கப்பட்டது.

விரல்கள் விசைகளின் மேலேயே நின்றன.

பிறகு மறுபடி ஏற்றினாள். 2:17. துண்டிக்கப்பட்டது. 2:18. துண்டிக்கப்பட்டது. 2:21.

அன்று அந்த நேரம், லிட்டில் இந்தியாவில் ஒரு துணிக்கடை. தோழி கல்யாணத்துக்குப் புடவை. தெரியாத எண்ணிலிருந்து ஓயாமல் அழைப்பு வந்தது. ஒவ்வொரு தடவையும் துண்டித்தாள். “சனியன் புடிச்ச ஸ்கேமருங்க” என்று கடைக்காரப் பெண்ணிடம் சொல்லிச் சிரித்தாள். அப்புறம் அந்த எண்ணையே…

2:31. எண் முடக்கப்பட்டது.

அதற்குப் பிறகும் அவர் அழுத்தியிருந்தார். 2:33. 2:36.

ஷர்மினி கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இனிமேல் ஏற்றப்போவதில்லை. திரையில் எண் மாறியது. 4,140. அவள் தொடவில்லை. 4,146. 4,151. முப்பத்தொன்பதும் வந்துவிட்டன. கடைசிப் பதிவு 3:40.

4,152.

அறை 7. தேதி, இன்று. நேரம், இப்போது.

இணையக் கம்பியைப் பிடுங்கினாள். 4,153. அட்டவணையையே அழிக்கச் சொன்னாள். அழிந்தது என்றது கணினி. 4,154 என்றது. மெயின் சுவிட்சை அணைத்தாள். திரை இருண்டது. அறை இருண்டது. எண் மட்டும் இருளவில்லை.

“நான் என்ன பண்ணேன்?” என்று கத்தினாள். “பக்கத்துலயே இருந்துட்டு அவனுங்கதானே வரல! அவனுங்கள போய்க் கேளு! எனக்கு எப்படித் தெரியும்?”

மழை நின்றிருந்தது. எப்போது என்று தெரியவில்லை.

மரப்படியில் ஓர் அடி விழுந்தது. அடுத்த கால் இழுபட்டது. அடி. இழுப்பு. டெட்டால் வாடை இப்போது தொண்டையைப் பிடித்தது, கூடவே மூத்திரமும் புளித்த கஞ்சியும்.

கதவு திறந்தது.

இல்லத்தின் பச்சைச் சட்டை. மாற்றிப் போட்ட பொத்தான்கள். ஒருபக்கம் இழுத்த வாய். கண்ணில் மட்டும் எதுவும் செத்திருக்கவில்லை. குறுக்கே வந்தவனை அடித்து நொறுக்கப் போகும் பஸ்காரனின் கண்.

எழ முடியவில்லை. “அப்பா” என்றாள்.

அவர் வலது கையை நீட்டியபடி வந்தார். கட்டைவிரல் காற்றை அழுத்திக்கொண்டே இருந்தது. ஏழு மாதமாக அழுத்தியிருக்கிறது. நகம் போயிருந்தது. சதை போயிருந்தது. நுனியில் எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது.

அதை அவள் நெற்றியில் வைத்தார்.

அழுத்தினார். எடுத்தார். மறுபடி, இன்னும் ஆழமாக, அழுத்தினார்.