நாலாவது சீட்டு

என் பெயர் கிஷோர், வயது இருபத்து நான்கு, இப்போது ரேணிகுண்டாவுக்கும் புத்தூருக்கும் நடுவே பழைய ரயில் பெட்டிகளை உடைக்கும் ஒரு யார்டில் இருக்கிறேன். திருத்தணியிலிருந்து நானும் என் அக்கா மோகனப்ரியாவின் வீட்டுக்காரர் சம்பத் மாமாவும் வேலைக்கு வந்து பதினோரு நாள் ஆகிறது. அக்கா, குழந்தை பிரித்திகாவோடு ஊரில் இருக்கிறாள்.

முதலில் தப்பாகத் தெரிந்தது கைப்பிடிகள்தான். ஓட்டத்திலிருந்து நிறுத்தி ஏலத்தில் விட்ட பழைய மாடல் எலக்ட்ரிக் ட்ரெயின் பெட்டிகள் இவை. நான்கு வருடம் வெயிலில் காய்ந்தவை. மேலே தொங்கும் கைப்பிடிகளை அறுத்துக் கோணியில் போடுவது என் வேலை. ஏழாம் பெட்டியில் மட்டும் அவை ஈரமாக இருந்தன. தண்ணீர் ஈரம் இல்லை, பிசுபிசுவென்று, வெதுவெதுப்பாக, யாரோ இப்போதுதான் கையை எடுத்த மாதிரி. விரலை மோந்து பார்த்தேன்; உப்பு வேர்வை, இரும்பு வாடை, அதற்கும் அடியில் ஊசிப்போன வெங்காயம். அன்று சோறு இறங்கவில்லை.

சீட்டுக்குப் பின்னால் பலகையில், வருடக்கணக்காக ஆட்கள் தலை சாய்த்த இடத்தில், தேங்காய் எண்ணெயும் பொடுகும் தூசியும் உறைந்து வரிசையாகக் கறுப்பு வட்டங்கள் இருந்தன. சுரண்டினால் காது அழுக்கு போலச் சுருண்டு வரும். மறுநாள் போய்ப் பார்த்தால் சுரண்டிய இடத்திலேயே புது எண்ணெய் மின்னும். நடுவில் ஒட்டிக்கொண்டு ஒரு நரைமுடி.

மேஸ்திரி கோவர்த்தனன் மூக்கைப் பொத்திக்கொண்டு, தெலுங்கு கலந்து வேண்டாம் என்றார். “வத்து நைனா, அந்தப் பொட்டிக்குள்ள போவாதீங்க. திங்கக்கிழமை அப்படியே கேஸ் வெச்சு அறுத்துக்கலாம்.”

மாமா சிரித்தார். “ஒம்போது வருசம் அம்பத்தூருக்கு இதுல தொங்கிகினு போனவன் மேஸ்திரி நானு. ஒரு நாளாச்சும் சீட்டு கெடச்சுதா? இன்னிக்கி ஒக்காந்து துன்றேன் பாரு.”

வெள்ளிக்கிழமை மதியம் அது. வண்டி நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பது எங்கள் பக்கத்து ஆட்களின் பழக்கம். துண்டு விழுந்துவிட்டால் அது அவன் இடம், யாரும் கேட்க மாட்டார்கள். மாமா பெட்டியை ஒட்டி நாலு அடி ஓடி, கம்பிக்கு நடுவே துண்டை உள்ளே எறிந்தார்.

“சீட்டு நம்மளுது மச்சான்.”

நானும் சிரித்துக்கொண்டே பின்னால் ஏறினேன். மூன்று பேர் உட்காரும் சீட்டு அது. ஜன்னலோரம் விழுந்திருக்க வேண்டிய துண்டு, இந்தப் பக்க ஓரத்தில், நாலாவதாக வருகிறவன் பாதி உடம்பை வைக்கும் இடத்தில் கிடந்தது. மடித்து வைத்திருந்தது.

“கொஞ்சம் தள்ளி ஒக்காருங்க சார்” என்றார் மாமா, விளையாட்டாக.

வேர்த்த தொடை ரெக்ஸினை விட்டுப் பிரியும் சத்தம் கேட்டது. ஒன்று. அப்புறம் இன்னொன்று. மூன்றாவது.

மாமா உட்கார்ந்தார். சோற்றுத் தூக்கைத் திறந்தார். அவருடைய வலது தோள் மெல்ல உள்பக்கமாக நசுங்கியது. சட்டையின் அந்தப் பக்கம் முழுக்க நனைந்து மஞ்சளாகி உடம்போடு ஒட்டியது. காதோரம் முடி அசைந்தது, யாரோ மூச்சு விடுவது போல. எனக்கும் அந்த மூச்சு அடித்தது. சொத்தைப் பல். பீடி.

சோற்றில் வெள்ளையாக உதிர்ந்தது. பொடுகு. மேலே பார்த்தேன். யாரும் இல்லை. மிச்சமிருந்த கைப்பிடிகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து, இழுபட்டு, விறைப்பாக நின்றன.

மாமா பிசைந்து வாயில் போட்டார்.

“மாமா, எழுந்துரு.”

“எப்பிடிடா எழுந்துக்கறது? நிக்கவே எடமில்ல.”

கையைப் பிடித்து இழுத்தேன். வழுக்கியது. தலை மட்டும் முன்னால் வந்தது. முடிக்கும் பலகைக்கும் நடுவே கறுப்பு எண்ணெய் நூல் நூலாக நீண்டது. அறுபடவில்லை. தலை பின்னால் போய் அப்பிக்கொண்டது.

நான் இறங்கி ஓடி வாந்தி எடுத்தேன்.

இன்று சனிக்கிழமை. அவர் இறங்கவே இல்லை. மேஸ்திரி வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். “அங்க யாரும் இல்ல நைனா” என்கிறார். திங்கள் காலை கேஸ் சிலிண்டர் வருகிறது.

மதியம் போய் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மாமா ஓரத்தில் இல்லை. உள்ளே தள்ளி, ஜன்னலோரத்தில் இருந்தார். முகம் முழுக்க எண்ணெய். பக்கத்துக் காலி இடத்தில் உள்ளங்கையை அழுத்தி வைத்திருந்தார்.

“யாரையும் ஒக்கார வுடல மச்சான். பாப்பாக்கு எடம் புடிச்சு வெச்சிருக்கேன்.”

அந்தக் கைக்கு மேலே பலகையில், குழந்தை தலை உயரத்தில், சின்னதாக ஒரு வட்டம் ஊறிக்கொண்டிருந்தது. ஈரமாக.

இதை எல்லோரும் பார்க்கிற மாதிரி ஃபோனில் எழுதிப் போடுகிறேன்; எங்கள் வீட்டில் யார் படித்தாலும், ஞாயிற்றுக்கிழமைக்குள் பெரியவர்கள் நாலு பேர் வாருங்கள். பிரித்திகாவை மட்டும் கூட்டிக்கொண்டு வராதீர்கள்.