விமான இருக்கையை அறுத்த கை

வெள்ளிக்கிழமை பிற்பகல் இரண்டரை மணிக்குக் கண்ணுசாமியின் டாக்ஸி அல்போன்சா டீச்சர் வீட்டு வாசலில் வந்து நின்ற வேகத்தைப் பார்த்தால், யாருக்கோ பிரசவ வலி என்றுதான் தெருவே நினைத்திருக்கும். வண்டியிலிருந்து இறங்கியவன் பேகம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பு முதலாளி கிதர் முகம்மதுவின் மகன் அக்பர் அலி. தலை முதல் கால் வரை செம்மண். அவன் பின்னாலேயே கண்ணுசாமியும் இறங்கி, யாரும் கூப்பிடாமலே உள்ளே வந்து, யாரும் சொல்லாமலே முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

அல்போன்சா டீச்சர் பெண்கள் பள்ளியில் தையல் சொல்லிக்கொடுப்பவர். ஐம்பது வயது, அதிர்ந்து பேசாத குணம். திண்டுக்கல்லில் மூன்று வருஷத்தில் மூன்று சிக்கல்களை அவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே பிரித்துக் கொடுத்திருந்தார். மூன்றிலும் பாதியைக் கண்டுபிடித்தது தான்தான் என்று டாக்ஸி ஸ்டாண்டில் கண்ணுசாமி சொல்லி வைத்திருந்தான். உண்மையில் மூன்றிலும் அவன் சந்தேகப்பட்டது தப்பான ஆளை.

"டீச்சரம்மா, எங்க அத்தா, ஷாப்புல தைக்கிற அருள்நாதண்ணனப் போலீஸ்ல பிடிச்சுக் குடுக்கப் போறாக" என்றான் அக்பர். "நாலு மணிக்கு இன்ஸ்பெக்டர் வாராரு. அண்ணே அப்படிச் செய்யிற ஆளே இல்ல."

"செத்த நேரம் உக்காரு தம்பி. தண்ணியக் குடி. முதல்லருந்து சொல்லு."

மில் முதலாளிகளுக்கும் மலையில் எஸ்டேட் வைத்திருப்பவர்களுக்கும் சொந்த விமானத்தின் மேல் ஆசை பிறந்திருந்த காலம் அது. ரெட்டியார்சத்திரத்துக்கு அப்பால் பொட்டல்காட்டில் ஒரு மில்காரர் மண்ணை இறுக்கி ஓடுபாதை போட்டிருந்தார். அங்கே அந்த மே மாதம் மூன்று நாள் கண்காட்சி. தொழில்காரர்கள் வாங்குவதற்கேற்ற சின்ன விமானங்கள் வரிசையாக நிற்க, எதிரே கீற்றுக் கொட்டகை போட்டு எஞ்சின் எண்ணெய், டயர், கம்பளம் என்று ஆளுக்கொரு ஸ்டால். கிதர் முகம்மதுவின் ஸ்டாலில் இருந்தது ஒரே ஒரு பொருள். ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோலால் செய்த விமான இருக்கை, அதோடு தோல் பெல்ட்டு.

"நாலரை மணிக்கு அந்த சீட்ட, மேல மூடியில்லாத ரெண்டாள் விமானத்துல மாட்டுறாக" என்றான் அக்பர். "அதுல நான் உக்காருறேன். மேல போயி ஒருதரம் தலகீழாப் புரட்டுவாக. அப்பவும் நம்ம பெல்ட்டு ஆள விடாதுன்னு பம்பாய்க் கம்பெனிக்காரருக்குக் காட்டணும். அதுக்குத்தான் இம்புட்டு ஏற்பாடு. இப்ப சீட்டு ரெண்டாப் பொளந்து கெடக்கு."

"எப்பப் பாத்தீங்க?"

"பன்னெண்டரைக்கு ஜும்மாத் தொழுகைக்குக் கெளம்புனோம். அத்தா, நான், மேஸ்திரி கையூம் மாமு, மூணு பேரும். தைக்கிற அருள்நாதண்ணே மட்டும் ஸ்டால்ல இருந்தாக. ரெண்டு மணிக்குத் திரும்பி வந்து, அத்தா சீட்டு மேல போட்டிருந்த வெள்ளத் துணியத் தூக்குனாக. அதுல இருந்த மண்ணு அம்புட்டும் பாளமாச் சரிஞ்சு என் மேலதான் கொட்டுச்சு. கண்ணத் தொடச்சுட்டுப் பாத்தா, சீட்டு கிழிஞ்சு நாரு வெளிய தொங்குது."

"மண்ணு எப்படி வந்துச்சு?"

"நாங்க வண்டியேறுறப்ப ஒரு விமானம் இறங்குச்சு. கொட்டகையே தெரியல, அம்புட்டுப் புழுதி. அதுக்குப் பொறவு எதுவும் வரல, ஓட்டுறவுக எல்லாம் சாப்பிடப் போயிட்டாக."

"துணி யார் போட்டது?"

"கையூம் மாமு. நாங்க கெளம்புறதுக்கு முன்னாடி, தூசி படும்னு."

"காலையில ஸ்டாலுக்கு யாரெல்லாம் வந்தாங்க?"

"ஊரே வந்துச்சு. பக்கத்து ஸ்டால் ரெக்சின் ஆண்டிச்சாமி ரெண்டு தரம் வந்து சீட்டைக் கிள்ளிப் பாத்துட்டுப் போனாரு."

கண்ணுசாமி தொடையைத் தட்டினான். ரெக்சின் விற்கிறவனுக்குத் தோல் எதிரி. வேறு யார் செய்திருப்பார்கள்? டீச்சரையும் ஏற்றிக்கொண்டு வண்டி ரெட்டியார்சத்திரம் தாண்டுவதற்குள் ஆண்டிச்சாமிக்கு மனதுக்குள் விலங்கு மாட்டியே விட்டான். பிறகு கண்ணாடியில் அக்பரின் முகத்தைப் பார்த்ததும் இன்னொரு சந்தேகம் முளைத்தது. தலைகீழாகப் புரளும் விமானத்தில் எவனாவது ஆசைப்பட்டு ஏறுவானா? பயந்துபோய் இவனே அறுத்துவிட்டு, இப்போது நல்லபிள்ளையாக வந்து அழுகிறானோ? அந்தச் சந்தேகம் வந்தபிறகு அவன் பாதையைவிடக் கண்ணாடியைத்தான் அதிகம் பார்த்தான். டீச்சர் இரண்டு தரம் "ரோட்டைப் பாரு கண்ணுசாமி" என்றார்.

ஸ்டாலில் அருள்நாதன் ஒரு மரப்பெட்டியின் மேல் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். நாற்பது வயதுக்காரன், விரல்களில் மெழுகு நூல் அறுத்த தழும்புகள். டீச்சரைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"உங்களுக்கு எதுக்கு டீச்சரம்மா சிரமம்?" என்றார் கிதர் முகம்மது. கையை அருள்நாதன் பக்கம் நீட்டினார். "இங்க இருந்தது இவன் ஒருத்தன். தைச்சவன் பேரையும் சீட்டுல போடணும்னு போன வாரம் கேட்டான், முடியாதுன்னேன். அந்த ஆத்திரம். தோல் ஷாப்ப இழுத்து மூடாமத் தப்பிக்க எனக்கு இருந்த ஒரே வழி இது. அதுல மண்ண அள்ளிப் போட்டுட்டான். இன்ஸ்பெக்டர் வரட்டும், ஜெயில்ல உக்காந்து தைக்கட்டும்."

மேஸ்திரி அப்துல் கையூம் கம்பத்தில் சாய்ந்து நின்றிருந்தார். அறுபது வயது. தோலைச் சுண்ணாம்புக் குழியில் ஊறப்போடுவதிலிருந்து பட்டையில் பதனிடுவது வரை அந்த ஷாப்பில் எல்லாம் அவர் பொறுப்பு. அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அதையும் கண்ணுசாமி குறித்துக்கொண்டான். ஆனால் அவன் பார்வைக்கு அந்த நேரத்தில் கொட்டகைக் கம்பம்கூடக் கள்ளமுழி முழித்தது.

டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இருக்கையின் முன் மண்டியிட்டார். கழுத்துப் பக்கத்திலிருந்து அடி வரை நீளமாகப் பிளந்து, தேங்காய் நார் வெளியே தள்ளியிருந்தது. இடுப்புப் பெல்ட்டு மட்டும் எதுவும் ஆகாமல் பளபளவென்று தொங்கியது.

"கண்ணுசாமி, ரெண்டு ஓரத்தையும் சேர்த்துப் பிடி."

சேர்த்துப் பிடித்தான். ஊசி போன ஓட்டைகள் ஒன்றுக்கொன்று நேராக வந்து நின்றன.

"தோல்ல எங்கயாவது கீறல் இருக்கா?"

மூக்கு உரசுமளவு குனிந்து பார்த்தான். "ஒண்ணும் தெரியலையேம்மா."

டீச்சர் தலையாட்டிவிட்டுப் பக்கத்து ஸ்டாலுக்குப் போனார். ஆண்டிச்சாமி எதையும் மறைக்கவில்லை. "ஆமா, கிள்ளிப் பாத்தேன். அடுத்தவன் சரக்கப் பாக்காம எப்படி யாவாரம் பண்றது? அறுக்கணும்னா நான் எதுக்கு அறுக்கணும்? வெலையச் சொன்னா பம்பாய்க்காரர் தானா என் பக்கம் வந்துருவாரு" என்றார். இவ்வளவு தைரியமாகப் பேசுகிறவனை எப்படி நம்புவது என்று கண்ணுசாமி முணுமுணுத்தான்.

மூன்று நாற்பதுக்கு டீச்சர் எல்லோரையும் இருக்கையைச் சுற்றி வரச் சொன்னார். ஆண்டிச்சாமியும் வந்து நின்றார்.

"முதல்ல மண்ணு" என்றார் டீச்சர். "நீங்க வண்டியேறும்போது விமானம் இறங்கிப் புழுதி கிளம்புச்சு. அந்த மண்ணு துணி மேல பாளமாப் படிஞ்சு, முதலாளி தூக்குற வரைக்கும் அப்படியே இருந்துச்சு. அக்பர் சட்டையைப் பாருங்க, இன்னும் சாட்சி சொல்லுது. நடுவுல ஒருத்தர் துணியை விலக்கி சீட்டை அறுத்திருந்தா, மண்ணு அப்பவே கொட்டியிருக்கும். அதனால சீட்டு அறுபட்டது நீங்க தொழுகைக்குப் போன பிறகு இல்ல. துணி போடுறதுக்கு முன்னாடி."

கிதர் முகம்மது மகனின் சட்டையைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப அருள்நாதன் மட்டும் இல்ல, எல்லாருமே இங்க இருந்தீங்க. அடுத்து, அறுபட்டது தோல் இல்ல, தையல். நூலை மட்டும் ஒவ்வொண்ணாக் கத்தி முனையால தூக்கி அறுத்திருக்காங்க. ஆண்டிச்சாமியா இருந்தா தோலைக் குறுக்க ஒரே இழுப்பு இழுத்திருப்பார், அவருக்கென்ன? அருள்நாதன் ஆத்திரத்துல செஞ்சிருந்தா தோலைக் கிழிச்சிருப்பார். தையல்ல தன் பேரு வரணும்னு கேட்டவரு, கஷ்டப்பட்டுத் தைச்ச தையலை அறுத்துப்போட்டு, முதலாளியோட தோலைப் பத்திரமா விட்டு வைப்பாரா?"

"அதானே" என்றான் கண்ணுசாமி, இதையெல்லாம் தானும் யோசித்து வைத்திருந்தவனைப் போல.

"அருள்நாதன், இதைத் திரும்பத் தைக்க எவ்வளவு நேரமாகும்?"

"பழைய ஓட்டையிலயே ஊசி போகும்மா. முக்கா மணி நேரம்."

"ரொம்ப நல்லது. அப்ப சொன்னபடி நாலரைக்கு அக்பர் பறக்கலாம்."

அக்பரின் முகம் மலர்ந்தது. அதைப் பார்த்ததும் கண்ணுசாமியின் இரண்டாவது சந்தேகம் செத்தது. கிதர் முகம்மது, "அல்ஹம்துலில்லாஹ்" என்று கையை விரித்தார்.

"வேணாம்" என்றது ஒரு குரல்.

மேஸ்திரி கையூம். "அவசரத் தையல் நிக்காது முதலாளி. இன்னைக்கு வேணாம்."

"என் தையலா நிக்காது?" என்றான் அருள்நாதன், அன்று முதல்முறையாகத் தலையை நிமிர்த்தி.

"தையல் நிக்கும்" என்றார் டீச்சர். "அறுபட்ட சீட்டு மேல துணியைப் போட்டவரே அவர்தான். அவருக்குப் பயம் தையல் மேல இல்ல, அக்பரைத் தாங்குற பெல்ட்டு மேல. கண்ணுசாமி, அந்த பெல்ட்டை இழுத்துப் பாரு."

"அதுல கை வைக்காதீக" என்று மேஸ்திரி முன்னால் வருவதற்குள் கண்ணுசாமி இருக்கையில் காலை ஊன்றி இழுத்துவிட்டான். இரண்டாவது இழுப்பில் பெல்ட்டு நடுவில் அறுந்து, அவன் பின்பக்கமாக ஆண்டிச்சாமியின் மேல் போய் விழுந்தான். யாரும் சிரிக்கவில்லை.

கிதர் முகம்மது அறுந்த முனையை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். பரம்பரைத் தோல்காரருக்கு ஒரு பார்வை போதும். "சுண்ணாம்பு தின்னுருக்கு" என்றார் மெதுவாக. "கையூம், இது உன் குழியில ஊறுன தோலு."

மேஸ்திரி கீழே உட்கார்ந்துவிட்டார். "வத்தலக்குண்டுல எம்மக நிக்காஹ்வுக்குப் போனேன்ல முதலாளி. ரெண்டு நாள்ல வாரேன்னு போயி நாலு நாளாயிருச்சு. தோலு குழியிலயே கெடந்துருச்சு. எடுத்துப் பாத்தா பட்டு கணக்கா இருந்துச்சு, தப்பிச்சோம்னு நெனச்சேன். இன்னைக்குக் காலையில பெல்ட்டுல மிஞ்சுன துண்டச் சும்மா இழுத்தேன், கையோட வந்துருச்சு. இந்தப் பெல்ட்டப் போட்டுக்கிட்டு அக்பரு தலகீழாத் தொங்கப் போறான். நீங்கள்லாம் விமானத்தப் பாக்கப் போன நேரத்துல தையல அறுத்துட்டுத் துணியப் போட்டு மூடிட்டேன்."

"பெல்ட்ட அறுத்திருக்கலாமே" என்றான் கண்ணுசாமி, மண்ணைத் தட்டிக்கொண்டே.

டீச்சர்தான் பதில் சொன்னார். "அறுத்த முனையை முதலாளி ஒரு தடவை பார்த்தாப் போதுமே, இப்பப் பார்த்த மாதிரி. அதான் சீட்டுல கை வச்சார். அந்தத் தோல் நல்ல தோல், அவர் கையால பதனிட்டது. அதைக் கிழிக்க அவருக்கு மனசு வரல. கடைசியில கிடைச்சது அடுத்தவன் தையல்."

"வாயத் தொறந்து சொன்னா என்னடா?" என்றார் கிதர் முகம்மது. மகனின் தோளை இறுகப் பிடித்திருந்தார், விடவில்லை.

"முப்பது வருசமாக் குழியப் பாக்குற மேஸ்திரி, சுண்ணாம்புல வெந்துபோன தோலத் தெரியாமக் குடுத்துட்டேன்னு எந்த வாயால சொல்றது? ஏதோ வெளியாளு செஞ்சதுன்னு நெனைப்பீக, விமானம் நின்னுரும், அதோட முடிஞ்சுரும்னு பாத்தேன். நீங்க அருள்நாதனப் பிடிப்பீகன்னு நான் நெனைக்கல."

அருள்நாதன் அவர் எதிரே வந்து நின்றான். "முதலாளி சந்தேகப்பட்டது எனக்குப் பெரிசு இல்ல மேஸ்திரி. அவருக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். ஒண்ணேமுக்கா மணி நேரம் எம்முன்னாலயே நின்னீங்கள்ல."

மேஸ்திரி முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

கிதர் முகம்மது கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அக்பரு, பம்பாய்க்காரர்ட்டப் போயி, நம்ம பெல்ட்டுல பழுது இருக்கு, இன்னைக்குப் பறக்கலைன்னு சொல்லிட்டு வா. எதையும் மறைக்காத" என்றார். அக்பர் போனான். அவர் அருள்நாதனின் பக்கம் திரும்பி ஏதோ சொல்ல வந்தபோது, கொட்டகை வாசலில் இன்ஸ்பெக்டர் வந்து நின்றார். பின்னால் இரண்டு கான்ஸ்டபிள்கள்.

"ஆள் அனுப்பியிருந்தீங்களே பாய். எவன் அறுத்தது?"

கிதர் முகம்மது மேஸ்திரியையும் அருள்நாதனையும் மாறி மாறிப் பார்த்தார். டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். மகளுக்குக் கல்யாணம் முடித்து இரண்டு மாதம்கூட ஆகாத கிழவர், மண்ணில் உட்கார்ந்து கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணுசாமி வாழ்க்கையில் முதல்முறையாக யாரையும் கைகாட்டவில்லை.

"யாரும் அறுக்கல சார்" என்றான் அருள்நாதன். "தையல் விட்டுப்போச்சு. தைச்சவன் நான்தான், என் வேலைதான் சரியில்ல. முதலாளி தெரியாம ஆள் அனுப்பிட்டாரு."

இன்ஸ்பெக்டர் இருக்கையைப் பார்த்தார், அருள்நாதனைப் பார்த்தார். "இதுக்கா என்னை இம்புட்டுத் தூரம் வரவழைச்சீங்க? தைக்கத் தெரியாத ஆள எதுக்கய்யா கூட்டியாந்தீங்க?" என்று சலித்துக்கொண்டு திரும்பினார்.

"சார், நில்லுங்க."

மேஸ்திரி கம்பத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்திருந்தார்.

"அவரு தையல்ல ஒரு குறையும் கெடையாது. அறுத்தது நான்."