நாலாவது போன்

2025 நவம்பர் 18, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று மணி. ஆக்லாந்து வடகரையில் ஒரு முட்டுச் சந்தின் கடைசி வீட்டில், ஏணி மேல் நின்ற ஒரு பெண் ஃபிஜோவாப் பழச்செடி வேலியின் பூக்கள் மேல் வலையை வீசினாள்.

"பட்டாம்பூச்சியா? பாத்து, விழுந்துடாதீங்க சிஸ்!"

அந்தக் குரல்... போனில் மூன்று முறை கேட்ட குரல்! அனஹேரா வலையின் வாயை இறுக்கிப் பிடித்தாள். வலைக்குள் இருந்தது உறுமியது. அதை ஜாடிக்குள் தள்ளி மூடிவிட்டுக் குனிந்து பார்த்தாள். உயிரிப் பாதுகாப்புத் துறைச் சட்டை. தூறலில் நனைந்த சுருட்டை முடி. இமையில் துளி தங்கிய, சிரிக்கிற கண்கள்...

"ஃபிலிப்போ. கதண்டுப் பொறி மாட்ட வந்தேன். எங்க குளவி ராணி இந்தத் தெருதான், தெரியுமா? மூணு தடவை 'கதண்டு வந்திருச்சு'ன்னு போன். மூணுமே காகிதக் குளவி! காலைத் தொங்கப்போட்டுப் பறக்குமே, அந்த அப்பாவி. ஆபீஸ்ல அவங்க பேரைச் சொன்னாலே..."

அனஹேராவின் காது சிவந்தது. பின்னால் அவளுடைய பன்னிரண்டு தேனீப் பெட்டிகள். வேலியில் அடைந்த ஒரே ஒரு கூட்டத்திலிருந்து அவள் ஒருத்தியாகப் பெருக்கியவை. தேனீக்களைத் தின்னும் வெளிநாட்டுக் கதண்டு இங்கே கூடு கட்டினால் ஒன்றும் மிஞ்சாது. அதற்காகத்தானே அத்தனை போன்... அதற்கா இந்தச் சிரிப்பு?

ஜாடியை முதுகுக்குப் பின்னால் மறைத்தபடி இறங்கினாள்.

"அந்த ராணி நான்தான், ப்ரோ."

குரலை அடையாளம் கண்டுகொண்ட அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"கையில... என்னது?"

"காகிதக் குளவி. போய்ப் பொறி மாட்டுங்க."

"காட்டுங்களேன், ப்ளீஸ்..."

"ஆபீஸ்ல போய்ச் சிரிக்கிறதுக்கா?"

மழை வலுத்தது. மகரந்தம் சுமந்த தேனீக்கள் அவசரமாகப் பெட்டிகளுக்குத் திரும்பிக்கொண்டிருந்தன. அவள் அவற்றையே பார்த்தாள். பிறகு ஜாடியை நீட்டினாள்.

"உடம்பு கறுப்பு. வயித்தோட பின்பக்கம் ஆரஞ்சுப் பட்டை. கால் நுனி மட்டும் மஞ்சள், பெயின்ட்ல முக்கி எடுத்த மாதிரி. இவ்ளோ பெருசுன்னா ராணியாத்தான் இருக்கும். இல்லேன்னு சொல்லுங்க பாப்போம், ஆபீசர்!"

அவன் ஜாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கால் நுனியில் அவன் கண் நின்றது.

"ராணியேதான்..."

அடுத்த நிமிடமே அலுவலகத்துக்குப் போன் போட்டான். "ஆமா, மஞ்சள்கால் கதண்டு. நான் எங்க கண்டுபிடிச்சேன்? அனஹேரா! பேரைச் சரியா எழுதுய்யா. நம்மைவிடத் தெளிவா அடையாளம் சொன்னாங்க."

அவள் தலை தானாக நிமிர்ந்தது.

போனை வைத்தவன் தயங்கினான். "ஒண்ணு சொல்லணும். உங்க மூணாவது போன் வேற ஆளுக்குப் போச்சு. நான்தான் பிடுங்கிட்டேன். நாலாவது எப்ப வரும்னு ஒரு மாசமா..."

"அப்புறம் ஏன் சிரிச்சாங்களாம்?"

"எங்க முழுசாச் சொல்ல விட்டீங்க? உங்க பேரைச் சொன்னாலே என் மூஞ்சி மாறுதாம். அதான் சிரிக்கிறாங்க... எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு, அனஹேரா."

அவள் கண்கள் தரையைத் தேடின... பிறகு அவனைத் தேடின.

"மூணாவது காகிதக் குளவின்னு தெரிஞ்சேதான் போன் போட்டேன்," என்றாள்.

மறுநாள் காலை, பக்கத்து வீட்டுக் கொட்டகையின் கூரையடியில் எலுமிச்சை அளவில் அந்த ராணியின் கூடு அகப்பட்டது. உள்ளே முட்டைகளும் சில புழுக்களும் இருந்தன. துறை ஆட்கள் அதை அகற்றினார்கள். பன்னிரண்டு பெட்டிகளிலும் சேதம் இல்லை.