கோட்டைமேல் கை தூக்கியவன்

பொலோத் சூடான ரொட்டியில் பாலாடையைத் தடவி வாயருகே கொண்டுபோன நேரத்தில், கூடார வாசலில் தொங்கிய கம்பளத்தைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் உள்ளே வந்து விழுந்தாள். அவள் கையில் கிழிந்த சட்டைத் துண்டு ஒன்று இருந்தது. என்ன நிறத்துச் சட்டை என்று சொல்ல முடியாதபடி அது ரத்தத்தில் ஊறியிருந்தது.

"அக்கா, நீங்க பிஷ்கெக்ல கொலைக் கேஸ் பார்க்கிற அதிகாரின்னு உங்க வீட்டுக்காரர் நேத்து எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருந்தாரு. எழுந்து வாங்க. என் புருஷனை அடிச்சே கொன்னுடுவாங்க."

பொலோத்தின் மனைவி ஜிபர் தேநீர்க் கிண்ணத்தை நிதானமாகக் கீழே வைத்தாள். "உன் பேரு என்னம்மா? யாரு அடிக்கிறா?"

"குலையிம். தூராத்தும் கானியும் அடிக்கிறாங்க. செத்துப்போன மெலிஸோட அண்ணனும் தம்பியும். என் ஷம்ஷிதான் கொலைகாரன்னு குதிரை கட்டுற கம்பத்துல கட்டிட்டாங்க. கரகோல் டவுன்லேர்ந்து போலீஸ் வர சாயங்காலம் ஆகும். அதுவரைக்கும் அவன் தாங்க மாட்டான்."

பொலோத்தின் கையிலிருந்த ரொட்டி தட்டில் விழுந்தது. ஷம்ஷி கட்டப்பட்டதற்கு அவனும் ஒரு காரணம்.

பனி ஏரியிலிருந்து இறங்கும் ஆறு அந்தப் பள்ளத்தாக்கை இரண்டாகப் பிரித்தது. இக்கரையில் பயணிகள் தங்கும் கூடாரங்கள். அக்கரையில் ஒரு சரித்திரப் படத்துக்காகக் கட்டி விட்டுப்போன மண்கோட்டை. அங்கே மெலிஸ் தன் ஆட்களோடு குதிரைச் சண்டை நடத்திப் பயணிகளுக்குக் காட்டிவந்தான். காலையில் ஆறு முழங்கால் அளவுதான். வெயில் ஏறிப் பனி உருக உருக, மதியத்துக்குமேல் குதிரையையே புரட்டிப்போடும். மறுபடி வடிவது விடிகாலையில். ஆகவே மதியம் எந்தக் கரையில் இருக்கிறார்களோ, இரவும் அந்தக் கரையில்தான்.

பிஷ்கெக்கில் முடிதிருத்தும் கடை வைத்திருக்கும் பொலோத் சினிமாப் பைத்தியம். பல வருடம் கெஞ்சி மனைவிக்கு விடுப்பு வாங்க வைத்து, இந்தக் கோட்டையைப் பார்க்கத்தான் அவளை இழுத்து வந்திருந்தான். நேற்று ஒரு மணிக்கு வந்து சேர்ந்தபோது ஆறு பொங்கிவிட்டது. இன்று விடியலில், மெலிஸின் கூட்டாளி எர்கின், "மெலிஸ் செத்துக் கிடக்கான்!" என்று அலறிக்கொண்டு ஆற்றைக் கடந்து வந்தான். அப்போது பொலோத் முந்திக்கொண்டு சொல்லியிருந்தான்: "நேத்து அஞ்சு மணிக்கு உயிரோட பார்த்தேனே! கோட்டைமேல நின்னு கையாட்டினான். போட்டோ வெச்சிருக்கேன்!"

ஐந்து மணிக்கு உயிரோடு இருந்தான் என்றால் கொலை இரவில் நடந்தது. அக்கரை வழியாகப் பயணிகளை ஏரிக்குக் கூட்டிப்போன ஷம்ஷி ஒருவன்தான் இரவில் அங்கே தனியாகப் படுத்தவன்.

*

குதிரைக் கம்பத்தில் ஷம்ஷி தொங்கிக்கொண்டிருந்தான். முதுகில் தோல் வரிவரியாக உரிந்திருந்தது. ஒரு கண் மூடிப் புடைத்திருந்தது. உடைந்த பல்லைத் துப்பக்கூடத் தெம்பில்லாமல் அது உதட்டில் ரத்தத்தோடு ஒட்டியிருந்தது. கானி சாட்டையை ஓங்க, ஜிபர் நேராக நடந்துபோய் நடுவில் நின்றாள். அடி அவள் தோளில் விழுந்தது. துணி கிழிந்தது.

"ஜிபர்!" என்று பாய்ந்த பொலோத்தை அவள் கண்ணாலேயே நிறுத்தினாள்.

"அதிகாரியை அடிச்சிருக்கே, தம்பி. அதைப் பிறகு பேசுவோம். சாட்டையைக் கீழே போடு."

தூராத் கோடாலியைத் தரையில் ஊன்றினான். "எங்க வீட்டுப் பிணத்துக்கு நீ யாரு நாட்டாமை பண்ண? இவன் சாட்டை பிணத்துப் பக்கத்துலேயே ரத்தத்தோட கிடந்துச்சு. போன வாரம் எல்லார் முன்னாலயும் என் தம்பி இவனைச் செருப்பால அடிச்சான். வேற என்ன வேணும்?"

"சாட்டையை நேத்துக் காலையில கோட்டையிலயே வெச்சுட்டு மேலே போனேன்..." என்று முனகினான் ஷம்ஷி.

"உங்க தம்பி யாரைத்தான் அடிக்கல?" குலையிம் வெடித்தாள். "அவன் கையால அடி வாங்காத மனுஷன் இந்தப் பள்ளத்தாக்குல உண்டா? மனுஷனை விடு, குதிரையை விட்டானா? எர்கினோட சாம்பல் குதிரையைப் படப்பிடிப்புல கம்பி கட்டி விழ வெச்சுக் காலை உடைச்சான். அன்னிக்கு ராத்திரியே அறுத்து, வேக வெச்சு, எல்லாருக்கும் பரிமாறினான்! எர்கினுக்கும் ஒரு தட்டு வெச்சான்!"

ஓரமாக நின்ற எர்கின் தலையைக் குனிந்துகொண்டான். "பழைய கதை எதுக்கு அண்ணி இப்போ?"

ஜிபர் தூராத்தைப் பார்த்தாள். "நான் அக்கரைக்குப் போய்ப் பார்த்துட்டு வரேன். அதுவரைக்கும் இவன்மேல கை படக்கூடாது."

"மதியம் வரைக்கும்தான். தண்ணி ஏறினதும் இவனை அதுலயே தள்ளிடுவேன். உன் சட்டத்தைக் கரையில நின்னு படிச்சிக்க."

*

எர்கினே வழிகாட்டியாக வந்தான். கரையேறியதும் மூன்று குதிரைகளுக்கும் சேணத்தின் வாரைத் தளர்த்தி, நெற்றியைத் தடவிக்கொடுத்துவிட்டுத்தான் நிமிர்ந்தான்.

"நீதானே முதல்ல பார்த்தே? எதையாவது தொட்டியா?" என்றாள் ஜிபர்.

"அவன் கழுத்தை மட்டும் அக்கா. சில்லுனு இருந்துச்சு. அப்படியே திரும்பிட்டேன்."

கோட்டை வாசலுக்கு உள்ளே மெலிஸ் குப்புறக் கிடந்தான். பின்மண்டை உள்வாங்கியிருந்தது. முளை அடிக்கும் மரச் சுத்தி பக்கத்தில் கிடந்தது. அதில் முடி ஒட்டியிருந்தது. எத்தனையோ தலைகளைக் கையில் பிடித்த பொலோத்தால் அந்தத் தலையைப் பார்க்க முடியவில்லை. சுவருக்குத் திரும்பி, வயிற்றில் இருந்த அத்தனையையும் வாந்தியெடுத்தான். ஜிபர் தண்ணீர்க் குப்பியை நீட்டிவிட்டு, பிணத்தின் மேலிருந்த சிவப்புப் போர்வையங்கியைத் தூக்கினாள்.

"பொலோத், சட்டைக் காலரைப் பாரு."

"ரத்தம் காஞ்சு அட்டை மாதிரி இருக்கு."

"அங்கியில?"

"ஒண்ணுமே இல்லையே! ஈரமா மட்டும் இருக்கு."

அவள் எழுந்து கோபுர அறைக்குள் போனாள். கவசமும் தலைக்கவசமும் மாட்டிய படை வீரர் பொம்மைகள் அங்கே வரிசையாக நின்றன. படத்தில் கூட்டம் காட்டச் செய்தவை. விரல் கனத்துக்குத் தூசு. கடைசிப் பொம்மையில் மட்டும் தூசு இல்லை. அதன் தோளிடுக்கில் தொட்டால் பனி ஈரம். வலது கையைத் தூக்கி நிறுத்த ஒரு கழி செருகியிருந்தது.

வெளியே மெலிஸ் பாலுக்காக வளர்த்த பதினொரு பெண்குதிரைகளும் குட்டிகளும் நின்றன. குட்டிகளைக் கட்டும் நீளக் கயிறு தரையில் முளைகளோடு கிடந்தது. ஜிபர் அங்கே போய்க் குந்தி உட்கார்ந்தாள். ஒவ்வொரு முளையைச் சுற்றியும் வட்டமாகப் புல் மிதிபட்டுச் சேறாகியிருந்தது. சாணி குவிந்து கிடந்தது. ஒரு குட்டியின் கழுத்தில் கயிறு அறுத்துத் தோல் உரிந்து சிவந்திருந்தது. தாய்க்குதிரையின் பின்னங்கால்களின் உட்பக்கம் பால் வழிந்து வெள்ளைக் கோடாகக் காய்ந்திருந்தது.

"கொலையைப் பார்க்க வந்தியா, குதிரைச் சாணியைப் பார்க்க வந்தியா?" என்றான் பொலோத்.

"உனக்குச் சினிமாக் குதிரைதான் தெரியும். நான் நாரின் மேய்ச்சல்ல பிறந்தவ." அவள் கையைத் துடைத்தாள். "நேத்து எடுத்த போட்டோவைக் காட்டு."

மூன்று படங்கள். ஐந்து மணி, ஐந்து மூன்று, ஐந்து பத்து. சிவப்பு அங்கி, தலைக்கவசம், தூக்கிய கை. பொலோத் பெருமையோடு விரலால் பெரிதாக்கினான். திடீரென்று அவன் முகம் வெளுத்தது.

"ஜிபர்... கொடி ஒவ்வொரு படத்துலயும் வேற வேற பக்கம் பறக்குது. இந்தக் கை மட்டும் ஒரே இடத்துல நிக்குது. பத்து நிமிஷம் எவன்டி கையை இறக்காம நிப்பான்?" கைப்பேசியை அவளிடம் நீட்டினான். "நான் ஒரு பொம்மைக்காகச் சாட்சி சொல்லி ஒருத்தனைக் கம்பத்துல ஏத்திட்டேனா?"

"நீ பார்த்ததைச் சொன்னே. மெலிஸ் கையாட்டுறான்னு உன்கிட்ட யாரு சொன்னா?"

பொலோத் திரும்பிப் பார்த்தான். தொலைவில் எர்கின் அந்தக் கழுத்து அறுபட்ட குட்டிக்குத் தன் குப்பித் தண்ணீரால் புண்ணைக் கழுவிக்கொண்டிருந்தான்.

*

அவர்கள் திரும்பிக் கடந்தபோது தண்ணீர் குதிரையின் வயிற்றைத் தொட்டது. சுண்ணாம்பு கரைத்ததுபோல் வெளுத்திருந்தது. இக்கரையில் தூராத் ஷம்ஷியின் கட்டை அவிழ்த்து, தலைமயிரைப் பிடித்து ஆற்றோரம் வரை இழுத்து வந்திருந்தான். ஏரியிலிருந்து காலையில் இறங்கிய எட்டு அல்மாத்திப் பயணிகளும் நடுங்கிப்போய் நின்றார்கள்.

"நேரம் முடிஞ்சுபோச்சு, அதிகாரியம்மா."

"முடியல. உன்னை ஒண்ணு கேக்கறேன், நிஜத்தைச் சொல்லு. விடியக்காலையில நீங்க ரெண்டு பேரும் ஆத்தைத் தாண்டிப் போனப்ப, குட்டிங்க என்ன பண்ணிட்டிருந்துச்சு?"

தூராத் முறைத்தான். "என் தம்பி மண்டை பிளந்து கிடக்கான், நீ குட்டியைக் கேக்குறே!"

"சொல்லு."

"பால் குடிச்சிட்டிருந்துச்சு. ஒரு வாரம் பட்டினி கிடந்த மாதிரி முட்டி முட்டி..." சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்தினான். மேய்ச்சல்காரன் அவன். அவன் விரல்கள் ஷம்ஷியின் தலைமயிரிலிருந்து தாமாகவே தளர்ந்தன.

"பிஷ்கெக்காரர் ஒருத்தர் இருக்காரு, அவருக்காகச் சொல்றேன்," என்றாள் ஜிபர், புருஷனைப் பார்த்து. "பகல்ல குட்டியைக் கட்டி வெச்சாத்தான் தாய் பக்கத்துலயே சுத்தும், பால் கறக்கலாம். பொழுது சாயறப்ப குட்டியை அவிழ்த்துடணும். ராத்திரி முழுக்க அது அம்மாகிட்ட குடிச்சிட்டு மேயும். எந்த மேய்ச்சல்காரனும் இதை மறக்க மாட்டான். விடியறப்ப குட்டிங்க வயிறு ரொம்பி, தாயோட மேட்டுல மேஞ்சிட்டிருக்கணும். நேத்து ராத்திரி அதுங்க கட்டுலயே கிடந்திருக்கு. முளையைச் சுத்திச் சேறு, ராத்திரிச் சாணி, கழுத்துல புண்ணு, தாய்க்காலெல்லாம் வழிஞ்ச பால். ஏன் அவிழ்க்கல? அவிழ்க்க வேண்டியவன் பொழுது சாயறதுக்கு முன்னாடியே செத்துட்டான்."

"அப்போ அஞ்சு மணிக்குக் கை ஆட்டினது?" என்றான் கானி.

"பொம்மை." பொலோத் கைப்பேசியை அவன் முகத்துக்கு நேரே நீட்டினான். "பாருடா. கை ஆடவே இல்ல. கொன்னவன் உங்க அண்ணன் அங்கியைப் போர்த்திச் சுவர்மேல நிக்க வெச்சிருக்கான். விடிஞ்சதும் எடுத்துப் பிணத்துமேல போட்டுட்டான். அதான் அதுல பனி ஈரம் இருக்கு, ரத்தம் இல்ல."

ஜிபர் பயணிகள் பக்கம் திரும்பினாள். "ஷம்ஷி நேத்துப் பகல்ல எங்க இருந்தாரு?"

ஒரு பெண் பயந்தபடி முன்னால் வந்தாள். "காலை ஆறு மணிக்கு எங்களை ஏரிக்குக் கூட்டிட்டுப் போனாரு. இருட்டுற வரைக்கும் எங்க கூடத்தான் இருந்தாரு. பிறகுதான் குதிரைங்களோட ஏரிக்குக் கீழே இருக்கிற கல்குடிசையில படுக்கப் போனாரு."

"ஆக, கொன்னவன் காலையில அக்கரையில இருந்தவன். தண்ணி ஏறுற கடைசி நேரத்துல இக்கரைக்கு வந்தவன். பொலோத், நேத்து நாம ஒரு மணிக்கு வந்தப்ப அடுப்படியில யாரு கால்சட்டை காஞ்சிட்டிருந்துச்சு?"

"எர்கினோடது. தொடை வரைக்கும் வெள்ளைச் சேறு. நான்கூட, என்னப்பா சுவருக்கு வெள்ளையடிச்சியான்னு கிண்டல் பண்ணேன்." பொலோத் ஆற்றுக்கு அப்பால் தெரிந்த கோட்டையைக் காட்டினான். "அஞ்சு மணிக்கு, 'அதோ மெலிஸ், கை காட்டுறான் பாருங்க'ன்னு சொன்னதும் அவன்தான்."

எல்லாத் தலைகளும் திரும்பின. எர்கின் தன் குதிரையின் கடிவாளத்தைப் பிடித்தபடி நின்றிருந்தான்.

"நீ பொம்மையை எடுத்து வெச்சே, அங்கியைப் போட்டே, ஷம்ஷியோட சாட்டையை ரத்தத்துல தோய்ச்சே. எல்லாம் சரியாத்தான் செஞ்சே," என்றாள் ஜிபர். "அப்படியே திரும்பி வந்திருந்தா, கட்டுல கிடந்த குட்டிங்களை முதல்ல பார்க்கிறவங்களுக்கே அவன் பகல்லயே செத்துட்டான்னு விளங்கியிருக்கும். ஆனா யாரு கொன்னதுன்னு தெரிஞ்சிருக்காது. நீ அவிழ்த்துட்டே. இவங்களுக்கு முன்னாடி விடியல்ல அங்க போனது நீ ஒருத்தன்தான். வேற எதையும் தொடலன்னு என்கிட்டப் பொய்யும் சொன்னே."

"கத்திட்டிருந்துச்சு அக்கா." எர்கினின் குரல் அமைதியாக இருந்தது. "ராத்திரி முழுக்க ஆத்துச் சத்தத்தையும் மீறி எனக்குக் கேட்டுச்சு. போனதும் என்னால தாங்க முடியல. மெலிஸ் மண்டையில அஞ்சு அடி அடிச்சேன்; ஒண்ணும் தோணல. என் சாம்பலன் முறிஞ்ச காலோட எழுந்திருக்கப் பார்த்துச்சு, தெரியுமா? என்னைப் பார்த்துட்டே எழுந்திருக்கப் பார்த்துச்சு. அவன் சிரிச்சான்."

"ஷம்ஷி உனக்கு என்னடா செஞ்சான்?" குலையிம் அலறினாள்.

எர்கின் ஷம்ஷியின் முதுகைப் பார்த்துவிட்டுக் குதிரையின் பக்கம் திரும்பினான்.

தூராத் கோடாலியோடு பாய்ந்தான். எர்கின் குனிந்து அவன் வயிற்றில் உதைத்து, தடுக்க வந்த பொலோத்தின் மூக்கை முழங்கையால் உடைத்து, குதிரைமேல் தாவி ஆற்றை நோக்கி விரட்டினான். கரை விளிம்பில் குதிரை மிரண்டு நின்றது. எர்கின் உறுமும் தண்ணீரைப் பார்த்தான், குதிரையைப் பார்த்தான். சட்டென்று இறங்கி, அதன் பின்புறத்தில் ஒரு தட்டுத் தட்டி மேட்டுக்கு விரட்டிவிட்டு, தான் மட்டும் வெள்ளைச் சுழலுக்குள் குதித்தான்.

வெள்ளம் அவனைப் பாறை ஒன்றில் மோதி அடித்தது. கை தனியாக மடங்கியது.

"கயிறு!" ஜிபர் கத்தினாள். அவள் கத்திப் பொலோத் கேட்டதே இல்லை. "கானி, வீசு!"

"சாகட்டும் நாய்!"

"அவன் செத்தா உங்க அண்ணன் கேஸ்ல குற்றவாளி இல்ல. ஷம்ஷி முதுகைக் கிழிச்ச கேஸ்ல நீங்க ரெண்டு பேரும்தான் குற்றவாளி. வீசுடா!"

கானி பல்லைக் கடித்தான். குதிரை பிடிக்கும் சுருக்குக் கயிறு காற்றில் ஒரு வட்டம் அடித்து எர்கினின் தோளில் விழுந்தது. எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தார்கள். கரையில் கிடந்து அவன் ரத்தமும் வெள்ளைத் தண்ணீருமாக வாந்தியெடுத்தான். ஜிபர் தன் இடுப்பில் கட்டியிருந்த சால்வையால் அவன் கால்களைக் கட்டினாள்.

*

கரகோல் போலீஸ் வண்டி வந்து எர்கினையும், பின்னாலேயே தூராத்தையும் கானியையும் ஏற்றிக்கொண்டு போனபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பொலோத் மூக்கில் பஞ்சை வைத்துக்கொண்டு கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இதை அழிச்சிடட்டுமா?"

"கோர்ட்டுக்கு வேணும். வெச்சிரு." ஜிபர் அவன் தோளில் சாய்ந்தாள், அடிபட்ட தோள் வலித்ததும் மறுதோளுக்கு மாறினாள். "நீ எடுத்ததுலயே உருப்படியான போட்டோ அது ஒண்ணுதான்."

"இன்னும் ரெண்டு நாள் விடுப்பு இருக்கு. கோட்டையை ஒழுங்காப் பார்க்கவே இல்ல."

"மூக்கைத் தைச்சிட்டு வா, பார்க்கலாம்."

கூடார வாசலில் குப்புறப் படுத்திருந்த ஷம்ஷி திடீரென்று தலையைத் தூக்கினான். குலையிம் அவன் முதுகுக்குக் கொழுப்புத் தடவிக்கொண்டிருந்தாள்.

"அக்கரையில குட்டிங்களை யாரு அவிழ்ப்பா? பொழுது சாயுதே!" என்றான்.

"பேசாம படு. இன்னிக்கு யாரும் கட்டவே இல்ல," என்றாள் குலையிம்.