நிறை முப்பத்தெட்டு

இரண்டு நொடி யோசித்த பிறகுதான் கதவு ஜெசிந்தாவுக்குத் திறந்தது. போன மாதம் ஒரு நொடி யோசித்தது. போன வருடமெல்லாம் அவள் வாயைத் திறக்கும்போதே கதவும் திறந்துவிடும்.

அவள் சட்டைக் காலரில் நிறைமானி 41 என்று சோகை பிடித்த மஞ்சளில் மின்னியது.

"நாப்பத்தொண்ணா மேடம்?" என்றார் பிச்சைக்கனி. துப்புரவு அணியில் மூத்தவர். "எங்க வீட்ல என் பேச்சுக்கு இதைவிடக் கொறவுதான். கவலப்படாதிய."

"வேலையைப் பாருங்க அண்ணாச்சி."

தூத்துக்குடிக்குத் தெற்கே கடலை உறிஞ்சி மூன்று மாவட்டங்களுக்குக் குடிநீர் கொடுத்தது ஒன்பதாம் நீர்க்கூடம். அதன் பன்னிரண்டு ராட்சதத் தொட்டிகளின் கதவுகளும் மதகுகளும் மனிதக் குரலுக்குக் கட்டுப்பட்டவை. எந்த மனிதரின் குரலுக்கு என்பதில்தான் வந்தது வில்லங்கம். ஆறு வருடங்களுக்கு முன் இரண்டு அதிகாரிகள் ஒரே நேரத்தில் ஒருவர் திற என்றும் மற்றவர் மூடு என்றும் கத்த, மதகு இருவரையும் மதித்து மாறி மாறி அசைந்ததில் ஓர் ஆள் நசுங்கிப்போனான்.

அதற்குப் பிறகு வந்தது நிறைமானி. யாருடைய சொல் நிற்கிறதோ அவருடைய சொல்லுக்கு நிறை அதிகம். இட்ட உத்தரவு மாறாமல் நிறைவேறினால் ஒன்று ஏறும். மேலதிகாரி அதை மாற்றினால் மூன்று இறங்கும். நாற்பதுக்குக் கீழே போனால் கதவு காது கொடுக்காது. மேலே உள்ளவர் உறுதி செய்ய வேண்டும், இல்லையென்றால் பக்கத்தில் நிற்கும் தொழிலாளர்கள் மூன்று பேர் 'வழிமொழிகிறேன்' என்று சொல்ல வேண்டும்.

நியாயமான ஏற்பாடுதான், கோதண்டபாணி தலைமைப் பொறியாளராக வரும்வரை.

அவர் யாரையும் திட்டியதில்லை. ஜெசிந்தா ஓர் உத்தரவு போட்டதும் மேலே கண்ணாடி அறையிலிருந்து ஒலிபெருக்கி வழியாக அவர் குரல் மெத்தென்று இறங்கும். "அதை ஒரு நிமிஷம் நிறுத்துங்கப்பா." பத்து நிமிடம் கழித்து அதே உத்தரவை அவரே போடுவார். வேலை மாறாது, நிறை மட்டும் கைமாறும். துணைப் பொறியாளராக 82 நிறையோடு சேர்ந்தவள் 41-க்கு வந்திருந்தாள். அவர் 97.

ஒரு தடவை மேலேறிப் போய்க் கேட்டேவிட்டாள். "என்ன தப்புன்னு சொன்னா திருத்திக்கிறேன் சார்."

"தப்பா? நல்ல உத்தரவும்மா அது. அதனாலதானே நானும் அதையே போட்டேன்" என்று சொல்லி அவளுக்குக் காப்பி வரவழைத்தார்.

ஜனவரியில், அவள் நிறை நாற்பதுக்கு மேல் இருந்தும் அவள் சொல்லுக்கு வலுச் சேர்க்க, பிச்சைக்கனியும் அதே அணியின் சொர்ணமும் மரியதாசும் வழிமொழிந்தார்கள். மதியமே அவர் அந்த உத்தரவை மாற்றினார். தொழிலாளர்களுக்கும் நிறை உண்டு; மூவருக்கும் மூன்று மூன்று இறங்கியது. நிறை குறைந்தவர்களுக்குத்தான் அமிலத் தொட்டி வேலை. சொர்ணத்தின் கைகளில் தோல் உரிந்தது இன்னும் ஆறவில்லை. அன்றிலிருந்து ஜெசிந்தா வாயைத் திறந்தால் அணி முழுக்க அண்ணாந்து கண்ணாடி அறையைப் பார்க்கும். மேலே பார்க்காத ஒரே ஆள் லூர்து. கல்யாணமாகி எட்டு மாதம் ஆன துடியான ஆள்.

அன்று காலை ஏழாம் தொட்டியை வற்றவைத்திருந்தார்கள். அடியில் செத்த சிப்பிகள் குவியல் குவியலாகக் கிடந்தன. அழுகல் வாயு பொல்லாதது. கொஞ்சமாக இருந்தால் நாறும். கூடினால் நாற்றமே தெரியாது. மூக்கைக் கொன்றுவிட்டுத்தான் ஆளைக் கொல்லும்.

"அரை மணி நேரம் காத்து ஓடட்டும். அதுக்கப்புறம் முகமூடியோட போகலாம்" என்றாள் ஜெசிந்தா.

எல்லோரும் அண்ணாந்தார்கள். லூர்து மட்டும் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தான். "மேடம் சொல்லியாச்சுல்லா. பெறவு என்னத்துக்கு வானத்தப் பாக்கிய?"

இந்தத் தடவை ஒலிபெருக்கி பேசவில்லை. கோதண்டபாணியே படியிறங்கி வந்தார்.

"அரை மணி நேரமா? வாரியத்துல இருந்து பன்னிரண்டு மணிக்கு வர்றாங்க ஜெசிந்தா. தொட்டி சுத்தமா இருக்கணும்."

"சார், உள்ள வாயு..."

"தப்பா எடுத்துக்காதீங்க. உங்களுக்குப் பயம், அது இயல்பு. பயப்படுறவங்க வெளியில நிக்கட்டும். நான் முன்னாடி போறேன். லூர்து, விளக்கை எடு."

அவள் நீட்டிய முகமூடியைப் புறங்கையால் ஒதுக்கினார். அவள் காலரில் 41 மறைந்து 38 வந்தது. நிறம் சிவப்பு.

லூர்து அந்த எண்ணைப் பார்த்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்தான். "பெரிய மனுசன் தனியாப் போறாருல்லா மேடம். போயிட்டு வந்துருதேன்." அவனும் முகமூடி இல்லாமலே விளக்கோடு பின்னால் போனான்.

மூன்று நிமிடம் ஆகியிருக்கும். சிப்பிக் குவியலை யாரோ மிதித்துக் கிளறியிருக்க வேண்டும். வாயுமானி அலறியது. வாயு வெளியே பரவாமலிருக்கத் தொட்டிக் கதவு தானாகவே மூடிக்கொண்டது. மணி பதினொன்று இருபது.

எஃகுத் தொட்டிக்குள் படமும் பதிவும் கிடையாது. அதிகாரிகள் இருவரும் காதில் மாட்டியிருந்த செவிமணிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும், அவ்வளவுதான். ஜெசிந்தாவின் காதில் எதுவோ தொப்பென்று விழுந்தது. பிறகு இழுபடும் சத்தம், யாரோ மூச்சு வாங்கும் சத்தம்.

"திற" என்றாள்.

"நிறை முப்பத்தெட்டு. தலைமைப் பொறியாளர் உறுதி செய்ய வேண்டும்" என்றது கதவு.

"அவரே உள்ளதான் கிடக்காரு."

"தலைமைப் பொறியாளர் உறுதி செய்ய வேண்டும்."

தலைமையகத்தை அழைத்தாள். காத்திருக்கச் சொன்ன குரலுக்குப் பின் வீணை இசைதான் ஒலித்தது. அவள் திரும்பினாள்.

"அண்ணாச்சி, வழிமொழியுங்க. சொர்ணம், மரியதாஸ், சொல்லுங்க."

மூவரும் மேலே பார்த்தார்கள். கண்ணாடி அறை காலியாக இருந்தது. காலியாக இருந்தும் பார்த்தார்கள்.

"அய்யா வெளிய வந்து, யாரக் கேட்டுத் திறந்தியன்னு கேட்டா?" என்றார் பிச்சைக்கனி.

"வெளிய வந்தாத்தானே கேப்பாரு."

"அவரு ஒரு வார்த்த சொல்லிட்டா நல்லது மேடம்" என்றாள் சொர்ணம், கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டு. "ஒரே ஒரு வார்த்த."

ஜெசிந்தா கெஞ்சினாள், கத்தினாள், கடப்பாரையால் கதவை இடித்தாள். கதவுக்குக் கீறல்கூட விழவில்லை. காதில் கேட்ட மூச்சு இப்போது விட்டு விட்டு வந்தது. சட்டென்று செவிமணியைப் பொத்திக்கொண்டு நிமிர்ந்தாள்.

"அய்யா பேசுறாரு. கதவைத் திறக்கச் சொல்றாரு."

"வழிமொழிகிறேன்." "வழிமொழிகிறேன்." "வழிமொழிகிறேன்."

மூன்று குரலும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. கதவு திறந்தது. மணி பதினொன்று இருபத்துநாலு.

இருவரும் வாசலை ஒட்டியே கிடந்தார்கள். தொட்டியின் நடுவிலிருந்து வாசல்வரை சேற்றில் ஒரு பாரம் இழுபட்ட தடம் இருந்தது. லூர்தின் வலது கை கோதண்டபாணியின் சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்திருந்தது. இழுத்தவன் அதிகம் மூச்சு வாங்கியிருக்கிறான், அதனால் அதிகம் விஷம் குடித்திருக்கிறான். அந்த விரல்களைப் பிரிக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது.

கோதண்டபாணிக்கு மூச்சு இருந்தது.

சேற்றை அன்று மாலையே கழுவிவிட்டார்கள்.

மறுநாள் வாரியத்தார் பழக்கூடையோடு மருத்துவமனைக்கு வந்தார்கள். அய்யா சொன்னதாக மூவரும் வழிமொழிந்ததால் கதவின் பதிவேட்டில் 'உத்தரவு: கோதண்டபாணி' என்று பதிவாகியிருந்ததைக் காட்டி, "அந்த நிலைமையிலும் உத்தரவு போட்டிருக்கீங்களே சார்" என்று வியந்தார்கள்.

கோதண்டபாணிக்கு எதுவும் நினைவில்லை. ஆனால் பதிவேட்டில் அவர் பெயர் இருந்தது. ஒரு நல்ல உத்தரவு எதிரே கிடக்கும்போது அதை எடுத்துக்கொள்ளாமல் இருக்க அந்தக் கைக்குத் தெரியாது.

"பின்னே வேற யாரு போடுவா?" என்று சொல்லி வாக்குமூலத்தில் கையெழுத்திட்டார்.

விசாரணை பத்தாம் நாள் நடந்தது. அதிகாரி ஒல்லியான மனிதர், சத்தம் போடாமல் கேட்டார்.

"இருபத்துநாலுக்கு நீங்க உத்தரவு கொடுத்தீங்க. அப்போ நினைவோட இருந்தீங்க."

"ஆமா."

"வாயுமானி கத்தினது இருபதுக்கு. நாலு நிமிஷம் நினைவோட, செவிமணியும் காதுமா இருந்துட்டு ஏன் சார் பேசாம இருந்தீங்க? முதல் நிமிஷத்துல சொல்லியிருந்தா அந்த ஆள் பிழைச்சிருப்பான்னு டாக்டர் எழுதியிருக்காரு."

கோதண்டபாணி ஜெசிந்தாவின் பக்கம் திரும்பினார். இத்தனை நாளில் அவர் அவளை அண்ணாந்து பார்த்தது அதுதான் முதல் தடவை.

அவளுக்கு எல்லாம் தெரிந்தது. உண்மையைச் சொன்னால், நினைவில்லாமல் கிடந்தவர் என்று அவர் தப்பிப்பார். பொய் உத்தரவுக்காக அவளுக்கு வேலை போகும். கூடவே நிறைமானியின் குட்டும் உடையும். மற்ற எட்டுக் கூடங்களிலும் எவனோ ஒரு லூர்து பிழைப்பான். பொய்யைச் சொன்னால் இந்த ஒரு மனிதர் ஒழிவார்.

"சொல்லுங்கம்மா. உத்தரவு அவர் போட்டதுதானா?"

"அய்யாதான் சொன்னார்" என்றாள் ஜெசிந்தா.

கேட்காமலே பிச்சைக்கனி எழுந்து நின்றார். "வழிமொழியுதேன்."

தீர்ப்பு இரண்டே பக்கம். உயிரிழப்புக்கு முழுப் பொறுப்பும் கோதண்டபாணியுடையது, பணிநீக்கம், வழக்கு. கருவியில் குறை எதுவும் இல்லை. நிறை குறைந்தவர்கள் கதவோடு வாதாடி நேரத்தை வீணாக்காமலிருக்க, எல்லாக் கூடங்களிலும் வரம்பு நாற்பதிலிருந்து அறுபதாக உயர்த்தப்படுகிறது. ஜெசிந்தாவின் உத்தரவை மாற்றியது செல்லாது என்பதால் மூன்று திரும்பி வந்தது. 41.

வெளியே வாகன நிறுத்தத்தில் லூர்தின் மனைவி மெர்சி காத்திருந்தாள். கையில் தீர்ப்பின் நகல். அவள் விரல் ஒரு வரியில் நின்றிருந்தது.

"தலைமைப் பொறியாளர் நினைவோடு இருந்ததால், இறந்தவர் அச்சத்தில் அவர் காலரைப் பற்றிக்கொண்டிருக்கலாம்னு போட்டிருக்காவ. அவுக பயந்தாங்கொள்ளி இல்லக்கா. நெசமாவே பயந்தா செத்தாவ?"

"இல்ல மெர்சி" என்றாள் ஜெசிந்தா. "அவன்தான் அவரை இழுத்துட்டு வந்தான். வாசல் வரைக்கும். நான் என் கண்ணால பார்த்தேன்."

மெர்சி காகிதத்தை நான்காக மடித்தாள்.

"அங்க சொல்லாதத இங்க வந்து எதுக்குக்கா சொல்லுதிய?"