பெயரைக் கூப்பிட்டால் ஓடும் பையன்

சத்தியநேசன் வாத்தியார் வருகைப் பதிவேட்டைத் திறந்தார். அதே நொடியில் செல்லையா சன்னல் வழியாக வெளியே குதித்தான்.

"பதினொண்ணு" என்றான் காசிமாயன். வகுப்பில் அவன்தான் விரல் விட்டு எண்ணிக்கொண்டு வருகிறான். செல்லையா பள்ளியில் சேர்ந்து இன்றோடு பதினோரு நாள். பதினோரு நாளும் இதே கதைதான்.

வாத்தியார் எல்லாப் பெயர்களையும் கூப்பிட்டு முடித்தார். பதிவேட்டை மூடினார். உடனே செல்லையா வாசல் வழியாக நல்ல பிள்ளையாக உள்ளே வந்தான். சட்டையில் ஒட்டியிருந்த முள்ளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, மூன்றாம் வகுப்பு வரிசையில் உட்கார்ந்து சிலேட்டை எடுத்தான்.

"எங்கடா போன?"

"தண்ணித் தொட்டிக்குப் பின்னால, சார்."

"எதுக்கு?"

செல்லையா சிலேட்டைப் பார்த்தான்.

அந்தப் பள்ளிக்கூடம் போடியிலிருந்து மலைக்குப் போகும் சாலையோரம் இருந்தது. மூன்று, நான்கு, ஐந்து வகுப்புகளுக்கு ஒரே அறை, ஒரே வாத்தியார், ஒரே பதிவேடு. ஐந்தாம் வகுப்பு வரிசையில் செல்லையாவின் அக்கா தெய்வானை தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தாள். எல்லோரும் தம்பியைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவளைத்தான் பார்த்தார்கள்.

பள்ளி விட்டதும் வாத்தியார் அவளைக் கூப்பிட்டார்.

"இந்தா பாரு தெய்வானை. கூப்பிடுறப்ப இல்லாதவனை வந்தான்னு நான் எழுத மாட்டேன். அது பொய்."

"நாள் முழுக்க இங்கதானே சார் இருக்கான்?"

"இருக்கான். வாய்ப்பாடு தப்பில்லாமச் சொல்றான். மத்தியானச் சோறு ரெண்டு தரம் வாங்குறான். பேரைக் கூப்பிட்டா மட்டும் ஓடுறான். வெள்ளிக்கிழமையோட பதினஞ்சு நாள் ஆயிரும். பதினஞ்சு நாள் சேர்ந்தாப்ல வராதவன் பேரை அடிச்சிட்டுத்தான் பட்டியலை ஆபீசுக்கு அனுப்பணும். அப்புறம் அடுத்த வருசம்தான் சேர்க்க முடியும்."

பெயரை அடித்துவிட்டால் என்ன நடக்கும் என்று தெய்வானைக்குத் தெரியும். அப்பாவும் அம்மாவும் விடிந்ததும் ஜீப்பில் ஏறி, போடிமெட்டுக்கு மேலே ஏலக்காய்த் தோட்டத்துக்கு வேலைக்குப் போய்விடுவார்கள். பொழுது சாயும்போதுதான் திரும்புவார்கள். பகலில் செல்லையாவைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது. "பள்ளிக்கூடம் இல்லைன்னா இவனைத் தேவாரத்துல சித்தப்பா வீட்டுலதான் விடணும்" என்று அம்மா சொல்லிவிட்டாள்.

இன்னும் நான்கு நாள்.

அவர்கள் வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. இலங்கையில் ஒரு தேயிலைத் தோட்டம்தான் அவர்களுடைய ஊர். தாத்தாவின் அப்பா காலத்தில் இங்கிருந்து அங்கே போன குடும்பம். இரண்டு அரசாங்கங்களும் பேசி முடிவெடுத்து, 'சொந்த நாட்டுக்குத் திரும்புங்கள்' என்று அனுப்பிவிட்டன. திரும்பி வந்தவர்கள் என்று காகிதம் சொன்னது. ஆனால் தெய்வானையும் செல்லையாவும் இந்த ஊரை அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை.

பள்ளியில் எல்லோருக்கும் அவள் 'சிலோன்காரி'தான். முதல் நாளே அமாவாசை என்ற பையன் கேட்டான். "சிலோன் ரேடியோவுல பாட்டுப் போடுறவங்க உங்க வீட்டுப் பக்கமா இருந்தாங்க?"

"இல்ல. எங்க வீட்டுல ரேடியோவே இல்ல."

"அப்புறம் என்ன சிலோன்?" என்று அவன் சலித்துக்கொண்டான்.

பக்கத்தில் உட்காரும் ஜக்கம்மாள் மட்டும்தான் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். செவ்வாய்க்கிழமை காலையில் ஜக்கம்மாள் ஒரு வழி சொன்னாள்.

"நான் பிடிச்சுக்கிறேன்டி உன் தம்பிய. எங்க வீட்டுக் கன்னுக்குட்டிய ஒத்தக் கையால நிறுத்துற ஆளு நான்."

பதிவேடு திறந்தது. ஜக்கம்மாள் செல்லையாவின் சட்டையைப் பிடித்தாள். ஒரு துள்ளல். ஒரு 'டப்' சத்தம். செல்லையா சன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தான். ஜக்கம்மாளின் கையில் ஒரு பொத்தான் இருந்தது.

"கன்னுக்குட்டிக்குச் சட்டை கிடையாது. அதான் தப்பாப் போச்சு" என்றாள் அவள்.

"பன்னெண்டு" என்றான் காசிமாயன்.

மறுநாள் காலை. மணி ஆறரை. அம்மா சோற்றுச் சட்டியை மறந்துவிட்டுப் போயிருந்தாள். தெய்வானை அதைத் தூக்கிக்கொண்டு சாலைக்கு ஓடினாள். செல்லையா பின்னாலேயே ஓடி வந்தான்.

ஜீப்பு புறப்படத் தயாராக நின்றது. கங்காணி கண்ணுச்சாமி கையில் சீட்டு வைத்துக்கொண்டு ஆட்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். 'இருக்கேன்' என்று சொன்னவர்கள் ஒவ்வொருவராக ஏறினார்கள். அப்பா ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருந்தார்.

"காத்தாயி."

அம்மா வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. இரண்டு சின்னக் கைகள் அவள் வாயை இறுக்கிப் பொத்தியிருந்தன. செல்லையா எப்போது அவள் இடுப்பில் தொற்றி ஏறினான் என்று யாருக்கும் தெரியாது.

"காத்தாயி வரலையா?"

"ம்ம்... ம்ம்..."

"என்னத்தா, வாயில கொழுக்கட்டையா?" என்றார் கண்ணுச்சாமி. ஜீப்பே சிரித்தது.

அம்மா கைகளை விலக்கினாள். "இருக்கேன் அண்ணே, இருக்கேன். விடுடா, சோலிக்கு நேரமாச்சு."

ஜீப்பு கிளம்பியது. தெய்வானை தம்பியைத் திட்டுவதற்காகத் திரும்பினாள். திட்டவில்லை. அவன் விளையாடவில்லை என்று அவன் முகம் சொன்னது. ஜீப்பு வளைவில் மறையும்வரை கண்ணைச் சிமிட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

"செல்லையா, யாராச்சும் பேரைக் கூப்பிட்டா உனக்குப் பயமா?"

அவன் வேறு ஒன்றைக் கேட்டான். "அக்கா, பொன்னுமணி இப்ப எங்க இருக்கான்?"

பொன்னுமணி அங்கே தோட்டத்தில் அடுத்த வீட்டுப் பையன். லயம் என்று சொல்லும் நீண்ட கட்டிடத்தில், ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் செல்லையா, அந்தப் பக்கம் பொன்னுமணி. ஒரே கப்பலில் கடலைத் தாண்டினார்கள். கரை இறங்கியதும் தங்கவைத்த மண்டபம் முகாமில் பக்கத்துப் பக்கத்துப் பாயில் படுத்தார்கள்.

"தெரியலையேடா. நீலகிரிப் பக்கம்னு சொன்னாங்க."

"மண்டபத்துல ஒருத்தர் பேர் படிச்சாருல்ல? அவனோட அப்பா இருக்கேன்னு சொன்னாரு. உடனே பஸ்சுல ஏத்திட்டாங்க. அப்புறம் ராக்காயி அத்தையைக் கூப்பிட்டாங்க. அவங்களும் இருக்கேன்னாங்க. அவங்களும் போயிட்டாங்க. பதில் சொன்னவங்க எல்லாரும் போயிட்டாங்க, அக்கா." அவன் மூக்கை உறிஞ்சினான். "எனக்கு இந்தப் பள்ளிக்கூடம் பிடிச்சிருக்கு. அதான் நான் இருக்கேன்னு சொல்லல."

பள்ளி பிடிக்காமல் ஓடுகிறான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். தெய்வானையும்தான். அவனோ அங்கேயே இருக்க வேண்டும் என்பதற்காக ஓடிக்கொண்டிருக்கிறான். ஓடி ஓடியே வெள்ளிக்கிழமை தேவாரத்துக்கு அனுப்பப்படப் போகிறான்.

"இது அந்த மாதிரி இல்லடா. இங்க சும்மா கூப்பிடுறாங்க."

"பொன்னுமணி ரெண்டு நாள்ல வந்துருவான்னு நீயும்தான் சொன்ன" என்றான் செல்லையா.

பதிவேடு திறந்ததும் மறுபடியும் சன்னல்தான். அன்றைக்குப் பதிமூன்று. வியாழக்கிழமை பதினான்கு.

வியாழன் மாலை எல்லோரும் போன பிறகு, தெய்வானை வாத்தியார் மேசைக்கு முன்னால் நின்று முழுவதையும் சொன்னாள். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடியும் துடைத்தார்.

"நான் அவனைக் கூப்பிட்டு, உன்னை எங்கயும் அனுப்ப மாட்டோம்னு சொல்லிடறேன் ஆத்தா."

"சொன்னா நம்ப மாட்டான் சார். மண்டபத்துலயும் எல்லாரையும் ஒரே ஊருக்குத்தான் அனுப்புவோம்னு சொன்னாங்க."

"அப்ப என்ன செய்யலாங்கிற?"

தெய்வானை இரண்டு நாளாக யோசித்து வைத்திருந்தாள். "அவனையே பேர் கூப்பிடச் சொல்லுங்க சார். கூப்பிட்டதுக்கு அப்புறம் யாரும் எங்கயும் போகலைன்னு அவன் கண்ணாலயே பார்க்கட்டும்."

"பதிவேட்டைப் பிள்ளைங்க கையில குடுக்கக் கூடாதே."

"வேண்டாம் சார். பேரை மட்டும் நான் ஒரு நோட்டுல எழுதித் தர்றேன். நீங்க பக்கத்துல உட்கார்ந்து பதிவேட்டுல எழுதிக்கங்க. தொண்டை கட்டிருச்சுன்னு அவன்கிட்ட சொல்லிடலாம்."

"என் தொண்டை நல்லாத்தானே இருக்கு?" என்றார் சத்தியநேசன். "உள்ளதைச் சொல்லியே கேட்கிறேன்."

வெள்ளிக்கிழமை.

வாத்தியார் மேசை இழுப்பறையில் கை வைத்ததும், செல்லையாவின் ஒரு கால் சன்னலில் ஏறியது.

"சன்னலைச் சாத்தட்டுமா சார்?" என்று காசிமாயன் எழுந்தான்.

"வேண்டாம், திறந்தே இருக்கட்டும்" என்றாள் தெய்வானை.

"செல்லையா, இன்னைக்கு நீ பேர் கூப்பிடுறியா?" என்று வாத்தியார் கேட்டார்.

சன்னலில் இருந்த கால் அப்படியே நின்றது. "நானா?"

"நீதான்."

செல்லையா யோசித்தான். "கூப்பிட்டதுக்கு அப்புறம் அவங்களை எங்க அனுப்பணும்?"

யாரோ சிரிக்க வாயெடுத்தார்கள். ஜக்கம்மாள் திரும்பிப் பார்த்த பார்வையில் அந்தச் சிரிப்பு உள்ளேயே போய்விட்டது.

"எங்கயும் அனுப்ப வேண்டாம்" என்றார் வாத்தியார். "இருக்காங்களான்னு தெரிஞ்சுக்கத்தான் கூப்பிடறோம். இருந்தா நமக்குச் சந்தோசம். அவ்வளவுதான்."

கால் மெதுவாக இறங்கியது. செல்லையா முக்காலியில் ஏறி நின்றான். அக்கா எழுதிய நோட்டை இரண்டு கைகளாலும் பிடித்தான்.

"அ... மா... வா... சை."

"உள்ளேன் ஐயா."

செல்லையா வாசலைப் பார்த்தான். யாரும் வரவில்லை. அமாவாசையைப் பார்த்தான். அமாவாசை காதைச் சொறிந்துகொண்டு அங்கேயே இருந்தான்.

"கா... சி... மா... யன்."

"உள்ளேன் ஐயா."

அப்போது வெளியே ஒரு சத்தம் கேட்டது. ஜீப்புச் சத்தம். சாலையிலிருந்து இறங்கி, பள்ளி வாசலில் வந்து நின்றது.

செல்லையா நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். தெய்வானை மூச்சை அடக்கிக்கொண்டாள். பதினைந்து நாளில் ஒரு நாள்கூட வராத ஜீப்பு, இந்த நேரம் பார்த்தா வர வேண்டும்?

வாசலில் ஓர் ஆள் தலையை நீட்டினார். டிரைவர் அழகுமலை. முன்பக்கத்திலிருந்து வண்டி புகை விட்டுக்கொண்டிருந்தது.

"சார், வண்டி கொதிச்சுப் போச்சு. தொட்டியில கொஞ்சம் தண்ணி எடுத்துக்கிறேன். வாளி பிடிக்க ஒரு பையனை அனுப்புங்க. வெரசா."

காசிமாயன் ஆர்வமாக எழுந்தான்.

செல்லையா சன்னலைப் பார்த்தான். அது திறந்திருந்தது. ஒரே தாவல்தான். ஆனால் அவன் சன்னல் பக்கம் போகவில்லை. முக்காலியிலிருந்து குதித்து, நேராக வாசலுக்குப் போய், இரண்டு கைகளையும் விரித்து மறித்துக்கொண்டு நின்றான்.

"யாரும் வர மாட்டாங்க" என்றான். குரல் நடுங்கியது. ஆனால் சத்தமாகத்தான் வந்தது. "இப்பத்தான் பேர் கூப்பிட்டேன். எல்லாரும் இங்கதான் இருப்பாங்க."

அழகுமலை அந்த உயரத்தைப் பார்த்தார். பிறகு வாத்தியாரைப் பார்த்தார். வாத்தியார், 'அவன் சொல்வதுதான்' என்பது போலத் தலையை ஆட்டினார்.

"சரிங்க சார்" என்றார் அழகுமலை, செல்லையாவிடம். "நானே பிடிச்சுக்கிறேன்."

தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. ஜீப்பு இருமியது, கிளம்பியது, மலைப் பக்கம் போயே போய்விட்டது. செல்லையா வாசலில் நின்றபடி ஒவ்வொரு தலையாக எண்ணினான். ஒன்றுகூடக் குறையவில்லை.

"இன்னும் என்னைக் கூப்பிடலை" என்று ஜக்கம்மாள் நினைவூட்டினாள்.

அவன் ஓடிப்போய் முக்காலியில் ஏறினான். இப்போது குரல் மாறியிருந்தது. "ஜக்கம்மாள்." "குருவம்மாள்." "சின்னச்சாமி." ஒவ்வொருவராக உள்ளேன் என்றார்கள். ஒவ்வொருவராக உள்ளேயே இருந்தார்கள். அக்காவின் பெயரும் வந்தது. அவளும் எங்கும் போகவில்லை.

கடைசியாக ஒரே ஒரு பெயர் மிச்சம் இருந்தது. செல்லையா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். வாத்தியாரின் பேனா பதிவேட்டுக்கு மேலே காத்திருந்தது. பதினைந்தாவது கட்டம் அது.

"செல்லையா" என்று கூப்பிட்டான்.

பிறகு நோட்டை மேசையில் வைத்தான். முக்காலியிலிருந்து இறங்கினான். மூன்றாம் வகுப்பு வரிசைக்கு நடந்துபோய், தன் இடத்தில் சம்மணம் போட்டு, நன்றாக அழுத்தி உட்கார்ந்தான்.

"உள்ளேன் ஐயா" என்றான்.

பேனா எழுதியது. தெய்வானை அத்தனை நேரம் அடக்கி வைத்திருந்த மூச்சு 'ஊஃப்' என்று வெளியே வந்தது. காசிமாயன் மடக்கி வைத்திருந்த விரல்களை எல்லாம் நீட்டி உதறினான். "இனிமே இந்த வேலை இல்ல."

அன்று மத்தியானம் பட்டியல் போடிக்குப் போயிற்று. கடைசி வரியில் செல்லையாவின் பெயர் இருந்தது.

திங்கட்கிழமை காலையில் வாத்தியார் தாமே பதிவேட்டைத் திறந்தார். "அமாவாசை" என்றார்.

"உள்ளேன் ஐயா" என்று இரண்டு குரல்கள் கேட்டன.

"செல்லையா, உன் பேரு வரட்டும். கடைசியிலதான் இருக்கு."

"வெரசா கூப்பிடுங்க சார்" என்றான் செல்லையா. "நான் எம்புட்டு நேரமா இங்கயே இருக்கேன்."