எச்சில் நீர்

கோதண்டராமன் மனைவியின் மார்பை இரு கைகளாலும் அழுத்திக்கொண்டே கத்தினான். "அந்த மஞ்சள் உடைக்காரனப் பிடிங்க. ஓடிடப் போறான்."

"நான் எங்கய்யா ஓடுறேன்?" இடுப்பளவு நீரில் நின்ற வில்சன் எரிச்சலுடன் கேட்டான். "மொதல்ல உன் பொண்டாட்டியப் பாரு."

இருபதடி ஆழத்திலிருந்து கோதண்டராமன் இழுத்து வந்த பிரபாவதியின் உதடுகள் நாவற்பழம் தின்றவைபோல் இருந்தன. மூச்சில்லை.

செவுளுடை வந்து காற்று சிலிண்டர்களை ஒழித்து எட்டு ஆண்டுகளாகின்றன. முதுகிலிருக்கும் சவ்வு, நீரில் கரைந்த ஆக்சிஜனை உறிஞ்சி முகமூடிக்கு அனுப்பும். கடலில் நீரோட்டம் உண்டு, கவலையில்லை. கரும்பாறை ஏரியோ அசையாத நன்னீர். ஒருவர் நிமிடத்துக்கு முந்நூறு லிட்டரைச் சக்கையாக்கித் துப்புவார். அது அவர் பின்னாலேயே புகைபோலத் தொங்கும். எச்சில் நீர் என்பார்கள். அதில் சிக்கியவருக்கு மூச்சு முட்டாது; தூக்கம்தான் வரும்.

அதனால் யார் முதலில் இறங்குவது என்று கரையில் தினமும் கைகலப்பு. இன்றும் வில்சன் வரிசையை மீறி முதலில் இறங்கியிருந்தான்.

கரைக்காவலர் செண்பகவல்லி ஓடி வந்தாள். "தள்ளுங்க சார்," என்று பிரபாவதியின் முகத்தில் ஆக்சிஜன் குடுவையைப் பொருத்தினாள்.

கை காலியானதும் கோதண்டராமன் நேரே தண்ணீருக்குள் நடந்தான். வில்சனின் மூக்கில் ஒரே குத்து.

"அடி, நல்லா அடி," என்றான் வில்சன் ரத்தத்தைத் துப்பி. "சாயம் பாத்துட்டு நான் திருப்பித் தரேன்."

ஒவ்வொரு செவுளுடையும் துப்பும் நீரில் தனக்கே உரிய சாயத்தைக் கலக்கும். யார் எச்சிலை யார் குடித்தார் என்று சாயமானி சொல்லிவிடும். மயங்க வைத்தவருக்குச் சிறை.

"பாருங்க மேடம்," என்றான் கோதண்டராமன். "எவன் சாயமோ அவன் உள்ள போகணும். நானே சாட்சிக் கையெழுத்துப் போடுறேன்."

பிரபாவதி இருமினாள். நெஞ்சு ஏறி இறங்கத் தொடங்கியது. செண்பகவல்லி அவள் முதுகுச் சவ்வில் சாயமானியை வைத்துப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள்.

"ஒரே சாயம்தான் சார். நாப்பது நிமிஷமும்."

"இவனோடதுதானே?"

அவள் வில்சன் பக்கம் திரும்பவில்லை. "நீங்க சிலிண்டர் காலத்து ஆளா?"

"பதினஞ்சு வருஷம் டைவிங் சொல்லிக் குடுத்தவன். அதுக்கென்ன?"

"செவுளுடையில பக்கத்துல பக்கத்துலதான் சார் நீந்தணும். போர்டுல எழுதியிருக்கே."

வில்சன் மூக்கைப் பொத்தியபடி சிரிக்க ஆரம்பித்தான்.

கோதண்டராமன் மண்டியிட்டான். பிரபாவதி கண்ணைத் திறந்து, பாடம் ஒப்பிக்கும் குழந்தைபோல் முணுமுணுத்தாள்.

"நீங்க சொன்ன மாதிரியேதாங்க வந்தேன். உங்க காலுக்குப் பின்னாடியே... ஒரு முழம்கூட விலகல."